விகுதி

விர்த்சு துறையிலிருந்து மூஹு தீவுக்கு
இருபத்தேழு நிமிடம்.
அதற்குள் மைமு நாற்பது காபி ஊற்றுவாள்.
கருப்பு ரொட்டியில் சிறுமீன் அடுக்குவாள்.
கோப்பை அலமாரிமேல் இருக்கும் ரேடியோவில்
அந்தப் பாட்டு வந்துவிட்டால்
யாருடைய காபியாவது ஆறிப்போகும்.

பல்லவி ஒரே சொல், இரண்டு முறை.
யே, யே.
(யாவுக்கும் யேவுக்கும் நடுவில் ஓர் ஒலி;
என் நாக்கு இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.)
எஸ்தோனிய மொழியில் அது பனிக்கட்டி.
போகாதே, இரு என்பதும் அதுவே.
எழுத்திலும் வேறுபாடில்லை.

பனிக்கட்டிதான் என்பான் ஹெல்துர்.
கப்பலின் எஞ்சின் அறைக்காரன்.
ஜனவரியில் அடித்தகட்டை அது நகத்தால் கீறுவதைக்
காதில் பஞ்சு அடைத்தும் கேட்டவன்.
"வானிலை அறிக்கைக்கு மெட்டுப் போட்டிருக்கிறார்கள்.
அவ்வளவுதான்."

ஊர்வேக்கு அது கெஞ்சல்.
தீவு மருத்துவமனையில் இரவுப்பணி செவிலி.
"பனிக்கட்டியை யாராவது
இப்படி இழுத்துச் சொல்வார்களா?
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்பவர்களை
நான் பார்த்திருக்கிறேன்."
அதற்குமேல் பேச மாட்டாள்.
மீனை ஒதுக்கிவிட்டு
ரொட்டியை மட்டும் தின்பாள்.

அடுத்த அடி இன்னும் மோசம்: தா துலெப்.
தா, கொஞ்சம் குறுக்கி.
அவனும் அவளும் அதுவும்
அந்த ஒரு சொல்லுக்குள் ஒண்டுக்குடித்தனம்.
துலெப், வருவது.
இப்போதா, இனிமேலா, அதுவும் சொல்லாது.

ஹெல்துருக்கு அது பனியுடைக்கும் கப்பல்.
மைமுவுக்கு அது ஓர் ஆள்;
எந்த ஆள் என்று கேட்டால்
உங்கள் காபிக்குச் சர்க்கரை வராது.
ஊர்வே தன்னுடையதைச் சொன்னதே இல்லை.
சொல்லாததால் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கோ, தா என்றால் தா.
தாழ்ந்தவன் ஈ என்பான், உயர்ந்தவன் கொடு என்பான்,
சமமாக நிற்பவன் கேட்கிற தா.
அந்தப் பாட்டில் அது இல்லை, தெரியும்.
இருந்தும் ஒவ்வொரு முறையும்
யாரோ யாரிடமோ
கைநீட்டுவதாகத்தான் கேட்கிறது.

போன மார்ச்சில் ஒருநாள்
பாட்டை எழுதிய லெம்பித்தே ஏறிவிட்டார்.
சாம்பல் தொப்பி, கையில்
புதிதாக வாங்கிய மண்வெட்டிப் பிடி.
மைமு பால் ஊற்றுவதைப் பாதியில் நிறுத்திக் கேட்டாள்.
அவர் கூரையைப் பார்த்தார்.
"பசு என்று நினைக்கிறேன்.
பக்கத்து வீட்டுப் பசு.
கடல் உறைந்த வருஷம் அதன்மேல் நடந்தே போய்விட்டது."
திரும்பி வந்ததா?
"அது ஞாபகமில்லை."
சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு
காருக்கு இறங்கிப் போனார்.

கரை வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பிறகு ஹெல்துர், "பொய்" என்றான்.
ஊர்வே கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:
"அவருக்கு என்ன தெரியும்,
எழுதினவர்தானே."
மைமு ஏற்கெனவே துடைத்த இடத்தையே
துடைத்துக்கொண்டிருந்தாள்.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால்
வினைமுற்று வாசலில் நின்றுகொண்டு
டிக்கெட் கேட்பதுபோல் விகுதி கேட்கிறது.
வருவானா? வருவாளா? வருமா?
ஒன்றைக் காட்டாமல் உள்ளே விடாது.
கப்பல் ஊதும் நேரம் பார்த்து
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்,
கடைசி எழுத்தைச் சங்கு விழுங்கட்டும் என்று:
பனி. இரு. வருவா
மற்றவர்களுக்குச் சரி. பசுவுக்கு இடிக்கிறது.

இன்று மறுபடி அந்தப் பாட்டு.
ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துண்டங்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விலகின.
நினைவு எங்கோ இருக்க,
மைமு, அந்தப் பாலை இப்படித் தா
என்று என் மொழியிலேயே சொல்லிவிட்டேன்.

கடைசிச் சொல்லுக்கு மட்டும்
அவள் சட்டென்று திரும்பினாள்.
கதவைப் பார்த்தாள்.
யார், என்றாள்.